கேபிள் இல்லாமல் கல்லூரி ஆட்டம்: சனிக்கிழமை யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் கேபிள் இணைப்பை வெட்டிய ஒருவர், "கல்லூரி விளையாட்டு பார்க்க எந்த ஸ்ட்ரீமிங் சேவை வாங்கலாம்?" என்று யாரிடமாவது கேட்டால் நேரடியாகப் பதில் வராது. "உங்க டீம் எது?" என்று எதிர்க்கேள்விதான் வரும். டீம் பெயரைச் சொன்னால் "அது இப்போ எந்த கான்ஃபரன்ஸ்?" என்று அடுத்த கேள்வி. அதையும் சொன்னால் "அப்போ இது ஒண்ணு வாங்குங்க, அது ஒண்ணும் வேணும், வீட்டு மேல ஒரு ஆன்டெனாவும் மாட்டிடுங்க" என்பார்கள். ஒரு சினிமா பார்க்க இத்தனை விசாரணை கிடையாது. கல்லூரிப் பசங்க ஆடும் ஆட்டத்துக்கு மட்டும் ஏன்?

இதற்கான பதில் இன்றைய விலைப் பட்டியலில் இல்லை. எழுபது வருஷத்துக்கு மேலாக நடந்து வரும் ஒரு சண்டையில் இருக்கிறது. ஒரு ஆட்டத்தை டிவிக்கு விற்கும் உரிமை யாருக்கு என்பதுதான் அந்தச் சண்டை. அதைத் தெரிந்துகொண்டால் எந்த சேவை வாங்குவது என்ற கேள்வியும் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைக்கும் பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். "காலேஜ் மேட்ச்" என்றதும் நம் ஊர் இன்டர்-காலேஜ் போட்டியை மனதில் கொண்டு வராதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு சாதாரண சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். கான்ஃபரன்ஸ் என்பது சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் குழு. பிக் டென், எஸ்.இ.சி., ஏ.சி.சி., பிக் 12 என்று நான்கு பெரிய குழுக்கள் இருக்கின்றன. (பிக் டென் என்ற பெயரில் பத்து இருந்தாலும் 2024 முதல் அதில் 18 அணிகள். கணக்கு கேட்கக் கூடாது.) இவை எல்லாவற்றுக்கும் மேலே என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு.

ஒரே கேமராவில் ஆரம்பித்த கதை

1921 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. வானொலி, பிட்ஸ்பர்க் - மேற்கு வர்ஜீனியா ஆட்டத்தை ஒலிபரப்பியது. கல்லூரி ஃபுட்பால் ரேடியோவில் வந்த முதல் நேரடி வர்ணனையாக அதைத்தான் சொல்கிறார்கள். டிவிக்கு வந்தது 1939இல். அந்த மே மாதம் நியூயார்க்கில் கொலம்பியா - பிரின்ஸ்டன் பேஸ்பால் ஆட்டத்தை என்.பி.சி.யின் சோதனை நிலையம் ஒரே ஒரு கேமராவை வைத்து ஒளிபரப்பியது. அமெரிக்காவில் டிவியில் வந்த முதல் விளையாட்டே ஒரு கல்லூரி ஆட்டம்தான்! செப்டம்பர் 30ஆம் தேதி ஃபோர்டம் - வேய்ன்ஸ்பர்க் ஃபுட்பால் ஆட்டம் வந்தது. ஃபோர்டம் 34-7 என்று ஜெயித்தது. அன்று அதைப் பார்க்க டிவி பெட்டி வைத்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அப்போது யாரும் உரிமை பற்றிக் கவலைப்படவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் (சுருக்கமாக பென்) 1940 முதலே தன் சொந்த மைதானத்து ஆட்டங்களை டிவியில் காட்டிக்கொண்டிருந்தது. நாட்டர் டேம் பல்கலைக்கழகமும் 1950 வாக்கில் டூமாண்ட் நெட்வொர்க்குடன் ஒப்பந்தம் போட்டுவிட்டது.

1951: கதவைச் சாத்திய வருஷம்

போருக்குப் பிறகு டிவி பெட்டிகள் வீடு வீடாக நுழைந்தன. பல்கலைக்கழகங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்க்க முடியுமென்றால் டிக்கெட் வாங்கி யார் வருவார்கள்? நாட்டர் டேம் ஆட்டம் டிவியில் வந்தால் பக்கத்துச் சின்னக் கல்லூரியின் மைதானம் காலியாகாதா?

1951இல் என்.சி.ஏ.ஏ. ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தது. எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதை இனி அமைப்புதான் தீர்மானிக்கும். "எங்க ஆட்டத்தை நாங்க காட்டுவோம்" என்று பென் முரண்டு பிடித்தது. அபராதமெல்லாம் போடவில்லை, அந்தப் பல்கலைக்கழகம் நல்ல நிலையில் உள்ள உறுப்பினர் இல்லை என்று மட்டும் என்.சி.ஏ.ஏ. அறிவித்தது. உடனே பென்னுடன் ஆட வேண்டிய மற்ற கல்லூரிகள் பின்வாங்க ஆரம்பித்தன. எதிரணி இல்லாமல் யாருடன் ஆடுவது? சில வாரங்களில் பென் பணிந்துவிட்டது. ஊரை விட்டு ஒதுக்கி வைப்பது என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

1952இல் திட்டம் இன்னும் இறுகியது. ஒரு சனிக்கிழமைக்கு நாடு முழுவதற்கும் ஒரே ஒரு ஆட்டம். ஒரு அணி ஒரு சீசனில் ஒரு தடவைக்கு மேல் தலை காட்ட முடியாது. இதற்கு என்.பி.சி. கொடுத்தது சுமார் 11 லட்சத்து 44 ஆயிரம் டாலர். விதிகளைப் பிறகு தளர்த்தினார்கள், ஒரு வாரத்துக்கு ஓரிரண்டு ஆட்டங்கள் கூடின. ஆனால் கடையின் சாவி முப்பது வருஷத்துக்கும் மேலாக என்.சி.ஏ.ஏ. இடுப்பிலேயே இருந்தது.

இடையில் 1961இல் ஒரு சட்டம் வந்தது. தொழில்முறை லீகுகள் தங்கள் அணிகளின் ஆட்டங்களை மொத்தமாகச் சேர்த்து டிவிக்கு விற்கலாம், போட்டிச் சட்டம் குறுக்கே வராது என்றது அது. அதற்கு ஈடாக, செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை வெள்ளி இரவும் சனிக்கிழமையும் தொழில்முறை ஃபுட்பால் டிவியில் வந்து பள்ளி, கல்லூரி ஆட்டங்களைக் கெடுக்காமல் வேலி போட்டது. சனிக்கிழமை கல்லூரிக்கு, ஞாயிற்றுக்கிழமை தொழில்முறைக்கு என்ற பழக்கம் இன்றும் உறுதியாக நிற்க இந்தச் சட்டமும் ஒரு காரணம். ஆனால் மொத்தமாக விற்பதற்கான விலக்கு கல்லூரிகளுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஓட்டை பின்னால் பெரிதானது.

200 நிலையமும் 4 நிலையமும்

1970களில் பெரிய அணிகளுக்குப் பொறுமை போய்விட்டது. ஜனங்கள் பார்க்க விரும்புவது எங்களை, காசைப் பங்கு பிரிப்பது மட்டும் எல்லோருக்குமா என்று கேட்டார்கள். 1977இல் காலேஜ் ஃபுட்பால் அசோசியேஷன் என்று தனியாக ஒரு சங்கம் கூட்டினார்கள். 1981இல் அந்தச் சங்கம் என்.பி.சி.யுடன் தனி ஒப்பந்தம் பேசியது. என்.சி.ஏ.ஏ.வோ ஏ.பி.சி., சி.பி.எஸ். இரண்டுடனும் 1982 முதல் நான்கு வருஷத்துக்கு மொத்தம் 26.35 கோடி டாலர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் போனால் ஃபுட்பாலில் மட்டுமல்ல, மற்ற விளையாட்டுகளிலும் தண்டனை உண்டு" என்று மிரட்டியது. 1951இல் பென்னிடம் பலித்த அதே வித்தை.

இந்தத் தடவை பலிக்கவில்லை. ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் கோர்ட்டுக்குப் போய்விட்டன. வழக்கில் வெளிவந்த ஒரு விஷயம் சுவாரசியமானது. 1981இல் ஒரே வார இறுதியில் இரண்டு ஆட்டங்கள். ஒன்று ஓக்லஹோமா - தெற்கு கலிஃபோர்னியா ஆட்டம், 200க்கும் மேற்பட்ட நிலையங்களில் வந்தது. இன்னொன்று அப்பலாச்சியன் ஸ்டேட் - சிட்டடல், வெறும் நான்கு நிலையங்களில் வந்தது. நான்கு அணிகளுக்கும் கிடைத்த தொகை ஒன்றேதான்!

1984 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பு சொன்னது. நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதியதன் சாரம் இது: பார்க்கக் கிடைக்கும் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து விலையை ஏற்றி வைத்திருப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம். எதிர்த்து எழுதியவர் பைரன் வைட். இவரே 1930களில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஃபுட்பால் ஆட்டக்காரர்! கல்லூரி விளையாட்டைச் சாதாரண வியாபாரமாகப் பார்க்கக் கூடாது, படிப்போடு ஒட்டியிருக்கவும் பண வேட்டையைக் கட்டுப்படுத்தவும் இப்படி ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பது அவர் கட்சி.

யார் சரி? சட்டப்படி ஸ்டீவன்ஸ் சரிதான் என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமைக்கு ஓரிரண்டு ஆட்டம் என்று ரேஷன் போட்டது ரசிகனுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. ஆனால் நடக்கப் போவதை மோப்பம் பிடித்தவர் வைட்தான்.

பூட்டு உடைந்தது, ஆனால்...

தீர்ப்பு வந்ததும் ஆட்டங்கள் சந்தையில் குவிந்தன. ஒரேயடியாக வரத்து கூடினால் தக்காளி விலை என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று. முதல் சில வருஷம் பெரிய அணிகளுக்கே வருமானம் குறைந்தது. நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த உரிமையைத் தனித்தனியாக விற்று லாபம் பார்க்க முடியாது என்பது புரிந்ததும், அவை அந்த உரிமையைக் கூட்டாகவே விற்றன. நாட்டர் டேம் மட்டும் 1990இல் தனியாக என்.பி.சி.யுடன் கையெழுத்துப் போட்டு 1991 முதல் தன் வழியில் போனது. எஸ்.இ.சி.யும் சி.பி.எஸ். பக்கம் சாய்ந்தது. காலேஜ் ஃபுட்பால் அசோசியேஷன் 1997இல் கலைந்தது. சாவி இப்போது கான்ஃபரன்ஸ்கள் கையில்.

இதே சமயத்தில் இன்னொன்றும் வளர்ந்தது. 1979 செப்டம்பரில் ஆரம்பித்த ஈ.எஸ்.பி.என். என்ற 24 மணி நேர விளையாட்டுச் சேனல். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆட்டங்களைக் கேபிளில் காட்டலாம் என்ற சின்ன யோசனையில்தான் அது கருக்கொண்டது. நாள் முழுக்க ஓட்ட ஆட்டம் வேண்டும். 1984க்குப் பிறகு ஆட்டம் மலிவாகக் கிடைத்தது. பொருத்தம் பார்க்கவே வேண்டியதில்லை.

கேபிள் வியாபாரத்தின் சூட்சுமம், எல்லாச் சேனலையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்பது. ஃபுட்பால் என்றாலே கொட்டாவி விடும் பாட்டியும் தன் மாதக் கட்டணத்தில் ஈ.எஸ்.பி.என்.னுக்குப் பங்கு கொடுத்தார். ஆட்டம் பார்க்காதவர்களின் காசில்தான் கல்லூரி விளையாட்டின் பணம் பெருகியது. இதை வைத்தே கான்ஃபரன்ஸ்கள் சொந்தச் சேனல்களை ஆரம்பித்தன. பிக் டென் நெட்வொர்க் 2007இல், பேக்-12 நெட்வொர்க் 2012இல், எஸ்.இ.சி. நெட்வொர்க் 2014இல், ஏ.சி.சி. நெட்வொர்க் 2019இல். 2014இல் மேரிலாண்ட், ரட்கர்ஸ் இரண்டையும் பிக் டென் சேர்த்துக்கொண்டதற்குப் பெரிய காரணம், வாஷிங்டன், நியூயார்க் பகுதிகளில் இருந்த லட்சக்கணக்கான கேபிள் வீடுகள்.

பிக் டென் நெட்வொர்க் ஆரம்பித்தது 2007 ஆகஸ்ட் 30. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 1ஆம் தேதி, நாட்டில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை அதன் சொந்த மைதானத்திலேயே ஒரு அணி 34-32 என்று கவிழ்த்தது. கல்லூரி ஃபுட்பால் சரித்திரத்தின் மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று. ஆனால் பல பெரிய கேபிள் கம்பெனிகள் அந்தச் சேனலை அப்போது எடுத்திருக்கவில்லை. அதனால் கோடிக்கணக்கான வீடுகளில் அதைப் பார்க்க வழியே இல்லை. ஜெயித்த அணி? நான்கு நிலையங்களில் மட்டும் வந்த அதே அப்பலாச்சியன் ஸ்டேட்.

1981இல் சின்ன அணி என்பதால் அதைப் பார்க்க முடியவில்லை. 2007இல் ஒப்பந்தம் முடியவில்லை என்பதால் பார்க்க முடியவில்லை. நடுவில் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீதிமன்றம் விடுவித்தது விற்பவனை. பார்ப்பவனைப் பற்றி அந்த வழக்கில் நிறையப் பேசினார்கள், ஆனால் அவன் வீட்டுக்கு எந்த வயர் வழியாக ஆட்டம் போக வேண்டும் என்பது அந்த வழக்கின் கேள்வி இல்லை.

மூட்டை பிரிந்தது, மறுபடி கட்டினார்கள்

2010களில் ஜனங்கள் கேபிளை வெட்ட ஆரம்பித்தார்கள். 2015இல் ஸ்லிங் டிவி மாதம் 20 டாலருக்கு வந்தது. 2017இல் யூடியூப் டிவி 35 டாலரில் ஆரம்பித்தது. "அப்பாடா, விடுதலை" என்றார்கள். ஆனால் இவை காட்டியதும் அதே கேபிள் சேனல்களைத்தான். அவற்றுக்குக் கொடுக்க வேண்டிய கட்டணமும் குறையவில்லை. 2025 ஜனவரியில் யூடியூப் டிவியின் விலை 82.99 டாலர் ஆனது. வயர் மாறியது, மூட்டை மாறவில்லை.

பழைய கேபிள் சண்டையும் கூடவே வந்தது. 2025 அக்டோபர் 30 இரவு டிஸ்னி - யூடியூப் டிவி பேச்சுவார்த்தை முறிந்து, ஈ.எஸ்.பி.என்.னும் ஏ.பி.சி.யும் அதிலிருந்து மறைந்தன. நவம்பர் 14 அன்று சமாதானம் ஆனது. நடுவில் இரண்டு சனிக்கிழமை போயே போச்சு, அதுவும் சீசனின் முக்கியமான கட்டத்தில்.

1984இன் போட்டிச் சட்டமும் மறுபடி தலை நீட்டியது. டிஸ்னி, ஃபாக்ஸ், வார்னர் மூன்றும் சேர்ந்து விளையாட்டுக்கு மட்டும் "வேனு" என்று ஒரு சேவை கொண்டு வருவதாக 2024இல் அறிவித்தன. ஃபூபோ என்ற போட்டிக் கம்பெனி வழக்குப் போட்டது, ஆகஸ்டில் நீதிமன்றம் தடை விதித்தது, 2025 ஜனவரியில் வேனுவைக் கைவிட்டார்கள். அதே 2025இல் ஃபூபோவின் 70 சதவிகிதத்தை டிஸ்னியே எடுத்துக்கொண்டது! அந்த ஆகஸ்டில் ஈ.எஸ்.பி.என். தன் சேனல்கள் அனைத்தையும் நேரடியாக மாதம் 29.99 டாலருக்கும், ஃபாக்ஸ் தன் சேவையை 19.99 டாலருக்கும் ஒரே நாளில் ஆரம்பித்தன.

ஒப்பந்தம் ஆட்டத்தையே மாற்றும்போது

இதுவரை சொன்னது பார்ப்பவரின் அவஸ்தை. ஆடுபவர்களின் கதை இன்னும் கடுமையானது.

2022 ஆகஸ்டில் பிக் டென் குழு ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றுடனும் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸின் இரு பெரிய பல்கலைக்கழகங்கள் பேக்-12ஐ விட்டு பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்திருந்தன. மிச்சம் இருந்த பேக்-12க்கு நல்ல டிவி ஒப்பந்தம் அமையவில்லை. கடைசியில் ஆப்பிள் ஒரு ஸ்ட்ரீமிங் ஒப்பந்தத்தை நீட்டியது. எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்து வருமானம் கூடும். அந்த நிச்சயமின்மையை அணிகள் நம்பவில்லை. 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து அணிகள் வெளியேறின. 1915இல் வேர் விட்ட குழுவில் கடைசியாக மிஞ்சியவை ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும். அவை மைதானத்தில் தோற்கவில்லை. அவை இருக்கும் ஊர்களில் டிவி வீடுகள் குறைவு, அவ்வளவுதான். அந்த இரண்டும் புது உறுப்பினர்களைச் சேர்த்துக் குழுவை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர்கள் கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்காக இப்போது சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து நியூ ஜெர்ஸி வரை போகிறார்கள். ஃபுட்பால் அணி மட்டுமல்ல, வாலிபால் ஆடும் பெண்களும்தான். இத்தனை கோடியும் புரண்டபோது ஆடியவர்களுக்குப் பல்கலைக்கழகம் நேரடியாகச் சம்பளம் கொடுக்க அனுமதி வந்தது எப்போது தெரியுமா? 2025 ஜூனில், ஒரு வழக்கின் சமரசத்தில்தான். முதல் வருஷத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2.05 கோடி டாலர் வரை பகிரலாம். வைட் 1984இல் பயந்த வியாபாரம் முழுதாக வந்துவிட்டது. உழைத்தவர்களுக்குப் பங்கு வரத்தான் நாற்பது வருஷம் கூடுதலாக ஆனது.

சரி, எதை வாங்குவது?

இந்தக் கதை தெரிந்தால் வழி எளிது. சேவையிலிருந்து ஆரம்பிக்காமல் அணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அணி எந்த கான்ஃபரன்ஸில் இருக்கிறது, அந்த கான்ஃபரன்ஸ் யாருடன் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அந்தச் சேனல் எதில் கிடைக்கிறது என்ற வரிசையில் போக வேண்டும். எஸ்.இ.சி. அணி என்றால் 2024 முதல் ஏறக்குறைய எல்லாமே ஈ.எஸ்.பி.என். குடும்பத்தில்தான், ஏ.சி.சி.க்கும் பெரும்பாலும் அதுவே. பிக் 12 என்றால் ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இரண்டும் வேண்டும். பிக் டென் என்றால் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி., பிக் டென் நெட்வொர்க், அதோடு சில ஆட்டங்களுக்கு பீகாக் சேவை மட்டுமே. ஒப்பந்தம் முடியும் வருஷத்தில் இதெல்லாம் மாறும். அதனால் சீசன் ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை சரிபார்த்து, மாதச் சந்தாவாக மட்டும் வாங்கி, சீசன் முடிந்ததும் நிறுத்திவிடுவதே புத்திசாலித்தனம்.

எதை வாங்குவதற்கும் முன்னால் வாங்க வேண்டியது ஒரு சாதாரண ஆன்டெனா. ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ் நான்கும் காற்றில் இலவசமாக வருகின்றன. பெரிய ஆட்டங்கள் பல அவற்றில்தான். இதன் பலத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2024இல் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டி இலவசச் சேனலான ஏ.பி.சி.யில் வந்தது, சராசரியாக 1.89 கோடி பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிப் போட்டி கேபிள் சேனல்களில் வந்தது, 1.48 கோடி பேர்தான். பெண்கள் இறுதி ஆண்கள் இறுதியை முந்தியது அதுவே முதல் தடவை. கெய்ட்லின் கிளார்க் என்ற வீராங்கனையின் புகழ் முக்கியக் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் ஆடியதைப் பார்க்க யாரும் சந்தா கட்ட வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1951இல் "எல்லோரும் இலவசமாகப் பார்த்துவிட்டால் ஆட்டம் அழிந்துவிடும்" என்று பயந்தார்கள். மைதானங்கள் இன்றும் நிரம்பி வழிகின்றன, அது அழியவில்லை. யாரும் தற்செயலாகப் பார்த்து ரசிகராக முடியாதபடி ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒவ்வொரு சந்தாவுக்குள் பூட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் விடை வரவில்லை. பிக் டென் ஒப்பந்தம் 2030 சீசனுக்கு முன்னோ பின்னோ மறுபடி பேச்சுவார்த்தைக்கு வரும். அன்று மேஜையில் உட்காருபவர்களில் ரசிகர் தரப்பில் யாரும் இருக்கப் போவதில்லை, 1951இலும் இல்லை, 1984இலும் இல்லை. ஆகவே நண்பர்களே, அணியைப் பாருங்கள், ஒப்பந்தத்தைப் பாருங்கள், அப்புறம் பர்ஸைத் திறங்கள். :-)